பரங்கிமலை தெரியாத மாலை

கண் விழித்ததும் ஜன்னலைத் திறந்து, காப்பிக்கு முன்னால் காற்றை விசாரிக்கும் என் அம்மாவுக்கு,

உன் ரெஜி எழுதுகிறேன். நலமா என்று கேட்கத் தோன்றவில்லை. நீ இருக்கும் இடத்தில் எல்லோரும் நலம்தான் என்று பங்குத் தந்தை உறுதியாகச் சொல்கிறார். இங்கே நாங்கள் மூவரும் நலம். மூவர் என்றதும் யார் அந்த மூன்றாவது ஆள் என்று யோசிப்பாய். லூர்து அத்தைதான். ராயப்பேட்டை வீட்டைக் காலி செய்துவிட்டு நம்மோடு சாந்தோமுக்கே வந்துவிட்டார். என் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவர், இப்போது ரேடியோ, பீரோ சாவி, அப்பாவின் சட்டைப் பித்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார்.

இந்தக் கடிதத்தை நம் மாதா கோயிலின் பங்கு இதழில் போடப் போகிறார்கள். இது கல்லறைத் திருநாள் மாதம் என்பதால் இறந்தவர்களை நினைத்து எழுதச் சொன்னார்கள். உன்னைப் பற்றி மற்றவர்களிடம் சொல்ல எனக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. உன்னிடம் சொல்லத்தான் ஒரு செய்தி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்களும் படிப்பார்கள். படிக்கட்டும்.

நான் இப்போது பத்தாம் வகுப்பு. கணக்கில் முதல், தையலில் கடைசி. நீ இருக்கும்போதே மெட்ராஸை ஆங்கிலத்திலும் சென்னை என்று மாற்றினார்கள் அல்லவா, கடைப் பலகைகளில் இன்னும் பாதிதான் மாறியிருக்கிறது. அத்தைக்கு இரண்டும் ஒன்றுதான். அவருக்கு ராயப்பேட்டையைத் தாண்டினால் எல்லாமே வெளியூர்.

உன் வேலையை விளக்குவது எனக்கு இன்னமும் கஷ்டமாக இருக்கிறது. புது வகுப்பு டீச்சர் எங்கள் பெற்றோரைப் பற்றி விசாரித்தபோது, அம்மா மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் வேலை பார்த்தார் என்றேன். பின்னால் இருந்து ஷீபா, "ஏர் ஹோஸ்டஸாடி?" என்றாள். இல்லை, வானிலை பார்ப்பவர் என்றேன். காற்று எந்தப் பக்கமிருந்து என்ன வேகத்தில் வருகிறது, மேகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்று அரைமணிக்கு ஒருமுறை பார்த்து எழுதுவார், அது மேலே பறக்கும் பைலட்டுக்குப் போகும் என்றேன்.

"வானத்தைப் பாக்கறதுக்கு சம்பளமா? எங்கப்பா சும்மாவே பாத்துகினு இருக்காரு" என்றாள் ஷீபா. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். நீ இருந்தால் நீயும்தான் சிரித்திருப்பாய்.

ஒரு விஷயம் உன்னிடம் சொல்லியாக வேண்டும். நீ போன பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அப்பா அலுவலகத்திலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானாலும் ஜன்னலை விட்டு நகர மாட்டேன். புத்தகம் கையில் இருக்கும், படிக்க மாட்டேன். அத்தை சாப்பிடக் கூப்பிட்டால் பசிக்கவில்லை என்பேன். ஆஸ்பத்திரிக்கு நீ நடந்துதானே போனாய்? காய்ச்சல்தான், ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றுதானே சொன்னாய்? வெளியே போகிறவர்கள் திரும்பி வருவார்கள் என்பது அதுவரை நான் யோசித்தே பார்க்காத விஷயம். அதற்குப் பிறகு அதைத் தவிர வேறொன்றையும் யோசிக்க முடியவில்லை.

அப்பாவின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதைக் கற்றுக்கொண்டு வரச் சொல்லி அவரை டெல்லிக்கு அனுப்பினார்கள். ரயிலில்தான் போனார். கல்லறைத் திருநாளுக்கு முன்பே திரும்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார். உனக்கு இது முதல் கல்லறைத் திருநாள். அதற்கு அவர் இல்லாமல் எப்படி? ஆனால் அங்கே வகுப்பை நீட்டித்துவிட்டார்கள். ரயிலைப் பிடித்தால் திருநாள் முடிந்துதான் வந்து சேர முடியும். அதனால் விமானத்தில் வருகிறேன் என்று போன் செய்தார்.

மனைவி இத்தனை வருஷம் விமான நிலையத்தில் வேலை பார்த்தும் அப்பா ஒருமுறைகூட விமானம் ஏறியதில்லை. போனை வைத்ததும் நான் ஜன்னலுக்குப் போய்விட்டேன். அத்தையோ அந்த நிமிடத்திலிருந்து ஜெபமாலையைக் கையிலிருந்து இறக்கவில்லை. இட்லிக்கு மாவு கரைக்கும்போதுகூடக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

திருநாளுக்கு முதல் நாள் விடிந்ததே தெரியவில்லை, அப்படி ஒரு மழை. கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை என்று ரேடியோவில் சொன்னார்கள். கச்சேரி ரோட்டில் முழங்கால் தண்ணீர். கபாலி கோயில் பக்கம் சாமந்திப் பூ வாங்கப் போன அத்தை, பூ இல்லாமல் ஒரு செருப்போடு திரும்பி வந்தார். அப்பாவின் விமானம் மாலையில் இறங்க வேண்டும். மத்தியானம் சாப்பிட்டதும் அத்தை குடையை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

மேற்கிலிருந்து காற்று வரும் காலை நேரங்களில் விமானங்கள் கடல் பக்கமிருந்து நம் மாடிக்கு மேலேயே இறங்கி வருமே, அத்தை அதைத்தான் எதிர்பார்த்துக் கடலைப் பார்த்து நின்றிருந்தார். விமானம் எப்போதும் காற்றுக்கு எதிராகத்தான் இறங்கும், இன்று காற்று கடலிலிருந்து வருகிறது, அதனால் அப்பா மேற்கே பூந்தமல்லிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் வருவார், இங்கிருந்து தெரியவே தெரியாது என்று விளக்கினேன்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப இங்க இன்னாத்துக்குடி நனைஞ்சிகினு நிக்கறோம்? மொதல்லயே சொல்றதில்ல?"

கீழே வந்து தலை துவட்டிக்கொண்டோம். நேரம் நெருங்க நெருங்க மழை இன்னும் அடர்ந்தது. எதிர்வீட்டுத் தென்னை தெரிந்தது, அதற்குப் பின்னால் இருக்கும் மாதா கோயில் கோபுரம் காணாமல் போய்விட்டது. உன் மகளுக்கு அதைப் பார்த்தால் போதாதா? இங்கேயே இப்படி என்றால் மீனம்பாக்கத்தில் எப்படி இருக்கும்?

உன் அலுவலக எண் எனக்கு மனப்பாடம். ஆனால் எப்போது கூப்பிட வேண்டும் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். நீ அறிக்கை எழுதும் நேரத்தில் வீட்டிலிருந்து போன் வந்தால் எடுக்கவே மாட்டாய். எழுதி அனுப்பிய பிறகுதான் எங்கள் குரல் உனக்குக் கேட்கும். அதனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். அத்தைக்கு இது விளங்கவில்லை. போனை வைத்துக்கொண்டு யாராவது சும்மா உட்கார்ந்திருப்பார்களா என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். நேரம் கடந்ததும் எண்ணைச் சுழற்றினேன்.

வரதராஜன் அங்கிள்தான் எடுத்தார். உன்னோடு ஒரே ஷிப்டில் இருந்தவர், உன் அடக்கத்துக்கு வந்து கடைசிவரை நின்றவர். அப்பா அந்த டெல்லி விமானத்தில் வருகிறார் என்றதும் எந்த விமானம் என்று மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு, விமானம் வந்துவிட்டது, மேலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது, மழை விடுமா என்று காத்திருக்கிறார்கள் என்றார்.

"பரங்கிமலை தெரியுதா அங்கிள்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்த மாதிரி இருந்தது. "நீ அவ பொண்ணுதான். மலை காலையிலேருந்தே தெரியலைம்மா. இப்போ பக்கத்துல இருக்கற தண்ணித் தொட்டியே மங்கலாத்தான் தெரியறது. பார்த்துண்டேதான் இருக்கேன்."

இதைப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. என் அம்மாவின் அலுவலகத்தில் தூரத்தைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்வார்கள். ஏர்போர்ட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பரங்கிமலை, புகைபோக்கி, தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். எது தெரிகிறது, எது மறைந்துவிட்டது என்று பார்த்து எழுதுவார்கள். இவ்வளவு தூரமாவது தெரிந்தால்தான் இறங்கலாம் என்று பைலட்டுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே போனால் அவர் இறங்கக் கூடாது.

இதை நான் அத்தையிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் காதில் வாங்கியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். முழுவதும் வாங்கியிருக்கிறார். என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"சார், நான் ரெஜியோட அத்தை பேசறேன். ஒரு ஒத்தாசை பண்ணுங்க சார். மலை தெரியுதுன்னு கொஞ்சம் கூட்டிப் போட்டு எழுதிடுங்க. நீங்க எழுதினாதான எறக்குவாங்களாம். எந்தம்பி உள்ள கீறான் சார். அண்ணி போயிட்டாங்க, இந்தப் புள்ளைக்கு அவன் ஒருத்தன்தான் கீறான்."

அத்தை உன்னை அண்ணி என்று சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தம்பி மனைவியை யாராவது அண்ணி என்பார்களா? உயிரோடு இருந்தபோது உன்னைப் பெயர் சொல்லித்தானே கூப்பிடுவார். பயத்தில் வாய் குழறிவிட்டதோ, இல்லை நீ போன பிறகு அவர் மனதில் உனக்கு வயது கூடிவிட்டதோ, தெரியவில்லை. நான் போனில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன். அத்தையைத் தடுத்திருக்க வேண்டும். நான் தடுக்கவில்லை. அங்கிள் சரி என்று சொல்லிவிட்டால் போதும் என்று எனக்கும் இருந்தது.

அங்கிளுக்குக் கோபம் வரவில்லை. "அம்மா, நான் தெரியறதுன்னு எழுதினா அவர் இறங்கப் பார்ப்பார். கீழே வந்து தேடினா ரன்வே தெரியாது. தெரியலைன்னு எழுதறதுதான் இப்போ உங்க தம்பிக்கு நான் பண்ற ஒத்தாசை" என்றார்.

அத்தை ஒரு நொடிதான் யோசித்தார். "அப்ப தெரியலன்னே எழுதுங்க சார். சுத்தமா ஒண்ணுமே தெரியலன்னு இன்னும் பெருசா எழுதுங்க."

"அப்படியும் எழுத முடியாதும்மா. எவ்வளவு தெரியறதோ அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த அறிக்கைக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டார்.

அந்த அடுத்த அரைமணியை எப்படிச் சொல்வது? அத்தை மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து மழையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மேகத்துக்கு மேலே எங்கோ அப்பா சுற்றிக்கொண்டிருக்கிறார். ஜன்னல் பக்கத்து இருக்கை கிடைத்திருக்குமா? பயப்படுகிறாரா? பெல்ட்டைச் சரியாகப் போட்டிருப்பாரா? நீ அங்கே இருந்தால் என்ன எழுதியிருப்பாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் தெரிந்திருந்தது. அது அப்பாவைத் திருப்பி அனுப்பும் பதில்.

மறுபடி கூப்பிட்டபோது அங்கிள் முந்திக்கொண்டு சொன்னார். விமானம் பெங்களூருக்குத் திரும்பிவிட்டது, அங்கே வானம் தெளிவாக இருக்கிறது, இறங்குவதற்கு ஒரு தொந்தரவும் இல்லை. இங்கே ஓடுபாதையிலும் தண்ணீர் நிற்கிறது, ஜீப்பில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள், இன்று இனி எதுவும் இறங்காது என்றார்.

மெட்ராசுக்கு டிக்கெட் வாங்கியவனை பெங்களூரில் இறக்குவது எந்த ஊர் நியாயம் என்று அத்தை திட்டத் தொடங்கினார். திட்டத் தொடங்கினால் அவருக்குப் பயம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பா பெங்களூர் ஏர்போர்ட்டிலிருந்து பேசினார். சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டேன். மற்றதை அவரே பேசினார். காப்பி கொடுத்தார்களாம், நன்றாக இல்லையாம். சுற்றும்போது வெள்ளையாக இருந்ததாம், கீழே ஒன்றுமே தெரியவில்லையாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், ஏன் இறக்க மாட்டேன் என்கிறார்கள் என்று சத்தம் போட்டாராம். அப்போது பைலட் மைக்கில் பேசியிருக்கிறார்.

"சென்னையிலேருந்து வந்திருக்கற வானிலைத் தகவல்படின்னு ஆரம்பிச்சாரும்மா" என்றார் அப்பா. பிறகு மெதுவாக, "அது அந்த ரூம்லேருந்துதானே?"

"ஆமாப்பா. அம்மா ரூம்லேருந்துதான்."

அப்பா போனை வைக்கவில்லை. பின்னால் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது. நானும் போனை வைக்கவில்லை.

அத்தை வாங்கிப் பேசினார். பஸ் ஏற்பாடு செய்கிறார்கள் என்றால் அதில் ஏறி வந்துவிடு, ரோடு என்றால் கண்ணுக்குத் தெரியும் என்று உத்தரவு போட்டார். பாதிப் பேர் பஸ்ஸில் கிளம்பிவிட்டார்களாம். அப்பா கிளம்பவில்லை. "இல்லக்கா. காலைல மெட்ராஸ்ல தெரியுதுன்னு எழுதினதும் பிளேன் கெளம்பும். நான் அதுலயே வரேன்" என்று சொல்லிவிட்டார். அத்தை போனை என்னிடம் நீட்டி, உங்கப்பனுக்குத் தைரியம் எங்கேயிருந்து வந்தது என்பதைப் போலப் பார்த்தார்.

காலையில் மழை தூறலாகிவிட்டது. பள்ளி விடுமுறை. அறிக்கை போகும் நேரம் தாண்டும்வரை பொறுத்திருந்து கூப்பிட்டேன். வரதராஜன் அங்கிள் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போயிருந்தார். எடுத்தது ஒரு பெண் குரல், எனக்குத் தெரியாத குரல். வேலைக்குப் புதிதாக வந்தவர் என்று தோன்றியது. யார் என்று நான் சொல்லவில்லை. பெங்களூரில் ஒரு விமானம் நிற்கிறது, அதில் என் அப்பா இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன்.

"இப்ப மேகம் மேல ஏறிடுச்சு. பரங்கிமலை நல்லா தெரியுது பாப்பா. ரன்வேலயும் தண்ணி வடிஞ்சிடுச்சு" என்றார் அவர். "அழாத. வந்துடுவாரு."

நான் அழவே இல்லை, அம்மா. அவருக்கு எப்படி அப்படித் தோன்றியதோ.

போனை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்த அக்காவுக்கு என்னைத் தெரியாது. அப்பாவைத் தெரியாது. உன்னைப் பற்றிக்கூட யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அரைமணிக்கு ஒருமுறை வெளியே வந்து மலையைப் பார்த்து, உள்ளே போய் உண்மையை எழுதிவிட்டு, மறுபடி வெளியே வருகிறார். அவ்வளவுதான். அந்த எழுத்தை நம்பித்தான் அப்பா வந்துகொண்டிருந்தார். அப்படியென்றால் நீ அங்கே இருந்த வருஷங்களில், நான் இங்கே ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்த சாயங்காலங்களில், எத்தனை வீடுகளுக்கு அப்பாக்கள் வந்து சேர்ந்திருப்பார்கள்? அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்காவது உன் பெயர் தெரியுமா?

தெரியாது. தெரியாமலே கதவைத் திறந்து, என்ன வாங்கி வந்தீர்கள் என்று கேட்டிருப்பார்கள். அது எனக்கு ஏனோ மிகவும் சந்தோஷமாக இருந்தது.

அடையாறு முகத்துவாரத்துக்குப் பக்கத்திலிருக்கும் கல்லறைத் தோட்டத்தில் அன்று சாயங்காலம் மந்திரிப்பு, பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாக ஆசீர்வதிப்பார். எல்லாக் குடும்பங்களும் தண்ணீரை இறைத்து, மண்ணைத் தட்டிச் சமமாக்கி, பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை எங்கிருந்தோ சம்பங்கி பிடித்து வந்துவிட்டார். மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவே இல்லை. ஏற்ற ஏற்ற அணைந்தது. நான் முதுகைக் காட்டி மறைத்துக்கொண்டு குனிந்திருந்தபோது, பெட்டியோடு ஆட்டோவிலிருந்து இறங்கி அப்பா நேராக அங்கேயே வந்தார். விமானம் மத்தியானத்துக்கு மேல்தான் கிளம்பியதாம், சட்டை கசங்கியிருந்தது. அத்தை அவர் கன்னத்தை இரண்டு கைகளாலும் வழித்துவிட்டு, முதல் வேலையாகத் திட்டினார்.

அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, காற்று வரும் திசையில் தன் பெட்டியை நிறுத்தி வைத்தார். மெழுகுவர்த்தி அணையாமல் நின்றது. சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"எத்தனை தடவை ஏர்போர்ட்டுக்கு ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விட்டிருக்கேன். கேட்டோட திரும்பிடுவேன். உள்ள போய் ஒரு நாள்கூடப் பாத்ததில்ல" என்றார். என்னிடம் சொன்னாரா உன்னிடம் சொன்னாரா, தெரியாது. அதனால் நான் சம்பங்கியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நீயாவது ஏதாவது சொன்னாயா?

இப்போது புதுச் செய்தி. அப்பாவுக்கு மறுபடியும் டெல்லி. அடுத்த வாரம் போகிறார், இந்த முறை போகவும் வரவும் விமானம்தான். அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அத்தை முறுக்கு சுற்றிக்கொண்டிருக்கிறார், பைலட்டுக்கும் சேர்த்து. பைலட்டிடம் கொடுக்க விடமாட்டார்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே.

அவர் திரும்பி வரும் நாளிலும் மழை இருக்கலாம். இறங்கலாம், பெங்களூருக்கே போகலாம். எதுவானாலும், அம்மா, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அன்று நான் ஜன்னலில் நிற்க மாட்டேன். அத்தை கூப்பிட்டதும் சாப்பிடுவேன். கணக்குப் போட்டு முடித்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பேன். அங்கே ஒருவர் விழித்திருந்து பார்த்துக்கொண்டிருப்பார். நான் தூங்குவேன்.

என்றும் உன் பிள்ளை, இப்போது அத்தைக்கும் பிள்ளை,
ரெஜினா